வெங்காயக் கொட்டிலில் ஒரு சிவப்புக் கார்

எத்தாளையில் ஒரு டீச்சர் கார் வாங்கப்போகிறாள் என்றால் அதில் ஊருக்கே பங்கு உண்டு. அதுவும் நாற்பதைத் தாண்டியும் கலியாணம் முடிக்காத கணக்கு டீச்சர், உம்மாவோடு தனியே இருக்கிறவள் என்றால் கேட்கவே வேண்டாம். என்ன நிறம், எத்தனை கதவு, பின்சீட்டில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதையெல்லாம் மற்றவர்களே பேசி முடித்துவிடுவார்கள். காசு மட்டும்தான் அவள் பொறுப்பு. அந்த டீச்சர் நான்தான். அதனால்தான் இந்தக் கார் விஷயத்தை நான் ஒருத்தரிடமும் வாய் திறக்காமல் தொடங்கினேன். அதுதான் பிழையாகவும் போனது.

கார் தேவைப்பட்டது உம்மாவுக்காக. இதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருத்தரும் என் வாயைக் கிளற வேண்டாம். உம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. புதனும் சனியும் புத்தளத்துக்குப் போய், ஆஸ்பத்திரியில் மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். போகும்போது பரவாயில்லை. வழியில் தெரிந்த வீடுகளைக் காட்டி, அந்த வீட்டுக் கதைகளை ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டு வருவா. திரும்பி வரும்போதுதான் சீவன் போகும். மெஷினிலிருந்து இறங்கிய உடம்பு துவண்டு கிடக்கும். பாலாவிச் சந்தி வருவதற்கு முன்பே குமட்டிச் சத்தி வந்துவிடும். நான் ஒரு கையில் பையை விரித்துப் பிடித்து, மறு கையால் நெற்றியைத் தாங்கிக்கொண்டு வருவேன். ஆட்டோக்காரர் நல்ல மனிசன், ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் கண்ணாடியில் அவருடைய முகம் போகிற போக்கு எனக்கும் தெரியும், உம்மாவுக்கும் தெரியும். இறங்கும்போது ஒவ்வொரு தரமும், "மன்னிச்சுக்கங்க மகன்" என்று உம்மா அவரிடம் சொல்லுவா. அதைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். நோயில் கிடக்கிற வருத்தக்காரி எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்?

புத்தளத்தில் கடை வைத்திருக்கிற என் நானா, உம்மாவின் மூத்த மகன், ஒரு வேன் பார்த்து வைத்திருந்தார். பக்கக் கதவை இழுத்துத் திறக்கிற பழைய வேன். "உம்மா படுத்துக்கிட்டே வரலாம்" என்றார். அது உண்மை. அதே மூச்சில், "பெருநாளைக்கு நாங்களும் எல்லாரும் ஒண்டாப் போகலாம், மாமிமாரையும் ஏத்திக்கலாம்" என்றார். அதுவும் உண்மை. ஓட்டப்போவது யார்? லைசன்ஸ் எடுத்து வைத்திருக்கிற நான். டீசல் அடிக்கப்போவது யார்? அதுவும் நான். நானாவில் எனக்குக் கோபம் இல்லை. பாவம், ஒரு கடையையும் நாலு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு மாரடிக்கிற மனிசன். ஆனால் அந்த வேனை நினைக்கும்போதெல்லாம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் என்னைக் காணவில்லை. சம்பளம் வாங்காத ஒரு ட்ரைவரைத்தான் கண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஆசிரியர் அறையில் ஒருத்தி, அந்தச் சிவப்புக் காரை விற்கப்போகிறார்களாம் என்று சொன்னாள்.

நம் பக்கத்தில் அந்தக் காரைத் தெரியாதவர்கள் இல்லை. கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டம் செய்கிற ஒருவருடையது. வெங்காய விலை உச்சிக்குப் போன ஒரு வருஷம், இளந்தாரி வயதில், கொழும்பில் யாரோ வைத்திருந்ததை வாங்கிக்கொண்டு வந்து இறக்கினார். நம் ஊரில் வெங்காயம் கை கொடுத்தால் ஒருவர் கிணறு வெட்டுவார், இன்னொருவர் மேல்மாடி போடுவார். இவர் கார் வாங்கினார். ஜப்பான் கார், நிலத்தோடு ஒட்டிக்கொண்டு போகும், ரேஸ் ஓடுகிறவர்களுக்கென்று செய்தது. இரண்டே கதவு. பின்னால் சீட் என்று ஒன்று இருக்கிறது, அதில் தேங்காய் வைக்கலாம், ஆளை இருத்த ஏலாது. சுவிட்சைத் தட்டினால் முன் லைட் இரண்டும் மூடியைத் தூக்கிக்கொண்டு எழும்பும். நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும்போது, அந்தக் கார் பஸ்ஸை வெட்டிக்கொண்டு பறக்கும். மற்றப் பெண்பிள்ளைகள் ஓட்டுகிறவரை எட்டிப் பார்ப்பார்கள். நான் காரைப் பார்ப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிசனின் முகம் எனக்கு இந்த வருஷம்தான் தெரியும்.

அன்றைக்கே பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கே போனேன். கார் வெங்காயக் கொட்டிலுக்குள் நின்றது. வெங்காயத்துக்கு ஈரம் படக் கூடாது என்று கட்டிய கொட்டில், அதனால் காரும் தப்பியிருந்தது. இல்லாவிட்டால் நம் உப்புக் காற்று இத்தனை வருஷத்தில் அடிப்பாகத்தைத் தின்று ஏப்பம் விட்டிருக்கும். குனிந்து பார்த்தேன். ஒரு இடத்தில் மட்டும் துரு ஓட்டை போட்டு, தகரம் வைத்து ஒட்டியிருந்தது. சிவப்பு வெளிறிப் போயிருந்தது. ஒரு லைட் எழும்பவில்லை. தோட்டக்காரர் மூடியில் ஒரு தட்டுத் தட்டினார், எழும்பியது.

"எல்லாத்தையும் செல்லிருறேன் டீச்சர்" என்றார். "பார்ட்ஸ் கொழும்புல பஞ்சிகாவத்தையில தேடோணும். சிலது அங்கயும் கிடைக்காது. எனக்கு இப்ப வயிறு வெச்சுட்டு, ஸ்டியரிங் இடிக்குது, அதான் விக்கிறேன். ஆருக்குப் பாக்கிறீங்க, தம்பிமார் ஆருக்குமா?"

"எனக்குத்தான்."

மேலும் கீழும் பார்த்தார். பார்த்துவிட்டுச் சாவியை நீட்டினார். அவர் பக்கத்தில் ஏறவில்லை. அவர் ஏறவும் மாட்டார், நான் ஏற்றவும் மாட்டேன். "நீங்களே ஒரு சுத்துச் சுத்திட்டு வாங்க" என்று கேற்றைத் திறந்துவிட்டார். வேறு ஊரில் கார் விற்கிற ஒருத்தன் ஓட்டுவதை முன்பின் பார்த்திராத ஒருத்தியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போவானா? நம் ஊரில் போவான். பக்கத்துச் சீட்டில் ஏறுவதைவிட அவனுக்கு அது லேசு.

பாலாவிப் பக்கம் திருப்பினேன். முதலில் பயம்தான். கியர் இறுக்கம், ரோட்டில் உள்ள ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் ஏறியது. பிறகு மூன்றாம் கியரில் எஞ்சின் குரலை மாற்றிக்கொண்டது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வெங்காயத் தோட்டமும் கருவாட்டுப் பந்தலும் கள்ளி வேலியும், நான் ஆயிரம் தரம் பஸ்ஸில் பார்த்துச் சலித்த அதே ரோடுதான், ஆனால் முதல் தரமாக அதில் என்னை ஒருத்தரும் கொண்டுபோகவில்லை. நான் போனேன். தனியே இருந்து சிரித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் சிரித்தால் டீச்சருக்கு மதிப்புக் குறைந்துபோகும் என்று பிள்ளைகள் என்னைப் பற்றிக் கதைப்பது எனக்குத் தெரியும். அவர்கள் அன்றைக்கு என்னைப் பார்த்திருக்க வேண்டும்.

அப்போதுதான் பக்கத்துச் சீட்டைப் பார்த்தேன். இரண்டு சீட் போதும், உம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு அதோடு நிற்கவில்லை. பிறகு எப்படியும் ஒரு சீட் போதும் என்று அதுவே முடித்தது. பிறகு என்றால்? எதற்குப் பிறகு? காரை ஓரங்கட்டி நிறுத்தி, "அஸ்தஃபிருல்லாஹ்" என்று வாய் விட்டுப் பாவமன்னிப்புக் கேட்டேன். உம்மா வீட்டில் சோற்றை மூடி வைத்துவிட்டு எனக்காகப் பார்த்துக்கொண்டிருப்பா, நான் இங்கே அவவை மௌத்தாக்கி மண்ணில் வைத்துவிட்டுக் கார் ஓட்டுகிறேன். திரும்பிப் போய்ச் சாவியைக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

உம்மாவிடம் மறைக்க ஏலவில்லை. வீட்டுக்குள் கால் வைத்ததும் என் மேலில் வெங்காய வாடையைப் பிடித்துவிட்டா. நான் வேனையும் காரையும் பற்றிச் சொல்லி முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா.

"உன்ன பொண் பாக்க வந்த நேரமெல்லாம் இந்த முகத்தக் காட்டியிருந்தா எப்பவோ கரை சேந்திருப்பாய்" என்றா. பிறகு, "எனக்கும் காட்டு. நானும் ஏறிப் பாக்கணும்" என்றா.

நான் அங்கேயே யோசித்திருக்க வேண்டும். நானாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். உம்மாவை எங்கே கூட்டிக்கொண்டு போனாலும், ஆஸ்பத்திரிக்குத் தவிர, நானா வருவது வழக்கம். ஆண்பிள்ளை ஒருத்தன் பக்கத்தில் நிற்கட்டும் என்று உம்மா சொல்லும்போதெல்லாம் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், என்னால் ஏலாத எதை அவர் செய்யப்போகிறார் என்று. கூப்பிட்டால் வேன் கதையைத் தொடங்குவார். நான் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு ஆட்டோவில் போனோம். ஆட்டோக்காரர் பொழுது பட்டு மஃரிபுக்குப் பிறகு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். தோட்டக்காரரின் மனைவி வண்ணாத்திவில்லில் தாய் வீட்டுக்குப் போயிருந்தா. அவர் மட்டும் நின்றார். உம்மா அபாயாவைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கதவைத் திறந்து, பின்பக்கமாகக் குனிந்து, சீட்டில் பொத்தென்று விழுந்தா. "யா அல்லாஹ், தரையிலயா இருத்திரிக்காங்க" என்று சிரித்தா. காலை ஒவ்வொன்றாகத் தூக்கி நான் உள்ளே வைத்தேன்.

ஓட்டிக்கொண்டு போனபோது உம்மாவுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. அதை ஒளிக்கவும் இல்லை. "பாயில இரிந்துக்கிட்டே போற மாதிரி இரிக்கி" என்றா. கண்ணாடியை இறக்கச் சொன்னா. தெரிந்த வீடு ஒன்றைத் தாண்டும்போது, மெதுவாகப் போ, அந்த வீட்டுக்காரி பார்க்கட்டும் என்றா. சத்தி வரவில்லை, தலை சுற்றவில்லை. எனக்கு மனம் லேசாகிப் போனது. பார்த்தாயா, உம்மாவுக்கும் இது சரிவருகிறது, வேன் எதற்கு என்று உள்ளுக்குள் நானாவோடு வாதாடி வென்றுகொண்டே வந்தேன்.

கொட்டிலுக்கு முன்னால் காரை நிறுத்தினேன். இறங்கி, மறுபக்கம் வந்து, கதவைத் திறந்தேன். உம்மாவின் காலை வெளியே எடுத்து வைத்தேன். உம்மா எழும்பப் பார்த்தா. எழும்பவில்லை.

அடுத்த நாள் மெஷினுக்குப் போக வேண்டிய உடம்பு. தண்ணீர் ஏறிக் கால் இரண்டும் கனத்திருந்தன. முழங்கால் சீட்டைவிட உயரத்தில் நின்றது. உந்தி எழும்ப ஒரு பிடி இல்லை. இடது கையில்தான் மெஷினுக்கு ஊசி ஏற்றுகிற நரம்பு இருக்கிறது, அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. வலது கை ஒன்றுதான். இழுத்தேன். என் செருப்பு மணலில் வழுக்கியது. இடுப்பைச் சுற்றிக் கை போட்டுத் தூக்கினேன். கூரையில் உம்மாவின் தலை இடித்தது. இன்னொரு தரம். அதுவும் சரிவரவில்லை. நான் பத்து வருஷமாக இந்த வீட்டின் ஆண்பிள்ளையும் நான்தான், பெண்பிள்ளையும் நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவள். என்னால் என் உம்மாவை ஒரு காரிலிருந்து எடுக்க ஏலவில்லை.

தோட்டக்காரர் இரண்டு அடி முன்னால் வந்தார். "டீச்சர், நான் ஒரு கை..." என்று இழுத்தார்.

"வேணாம் மகன்" என்றா உம்மா, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டே.

ஆபத்துக்குப் பாவமில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். கார் எங்கேயும் மோதியிருந்தால் அவர் யோசிக்காமல் உம்மாவைத் தூக்கியிருப்பார், உம்மாவும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டா. ஆனால் இது ஆபத்தா? ஒரு கிழவி சீட்டிலிருந்து எழும்ப ஏலாமல் இருக்கிறா, அவ்வளவுதான். அதற்காக அந்நிய ஆண் ஒருத்தர் கக்கத்தில் கை போட்டுத் தூக்குவதா? அவருக்கும் அது விளங்கியது. வேலிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, போனை எடுத்துக் காதில் வைத்து, "ஓம், ஓம், செல்லுங்க" என்று கதைக்கத் தொடங்கினார். அந்தப் பக்கத்தில் ஒருத்தரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

நான் தோட்டத்துக்குள் ஓடினேன். வெங்காயம் பிடுங்கி முடிச்சுக் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். "உம்மாவத் தூக்க ஏலுதில்ல, வாங்க" என்றேன். கத்தியையும் கட்டையும் போட்டுவிட்டு வந்தார்கள். அவர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஒருத்தி கொட்டிலிலிருந்து வெங்காயச் சாக்கு ஒன்றை உதறி எடுத்தாள். உம்மாவை இந்தப் பக்கம் சரித்து, அந்தப் பக்கம் சரித்து, சாக்கை அடியில் செருகினார்கள். ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். "பிஸ்மி செல்லித் தூக்குங்க" என்றாள் மூத்தவள். மூட்டையை லொறிக்கு ஏற்றுகிற அதே தூக்கு. உம்மா ஒரே வீச்சில் வெளியே வந்து நின்றா.

தூக்கும்போது உம்மா சிரித்தா. "எத்தின கிலோ இரிக்கன் செல்லுங்க புள்ளைகள்" என்றா. அவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உம்மாவின் அபாயா பின்பக்கமெல்லாம் மண்ணும் வெங்காயச் சருகும். நான் தட்டி விடக் கையைக் கொண்டு போனேன், உம்மா என் கையை விலக்கினா. ஆட்டோவில் ஒரு வீட்டுக் கதையும் இல்லை. எனக்கு எதையாவது உடைக்க வேண்டும் போல் இருந்தது, யார் மேல் கோபம் என்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் கதை நானாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. உம்மாவை மெஷினில் விட்டுவிட்டு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன், நானா கடையைப் பூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"உம்மாவ வெங்காய மூட்ட மாதிரித் தூக்கினாங்களாமே" என்றார்.

"ஓம்."

"உனக்கு அறிவு எங்க போச்சு? படிச்சவள்தானே நீ? ஒரு போன் அடிச்சிருந்தா நான் வந்து தூக்கியிருக்கமாட்டேனா?"

தூக்கியிருப்பார். மகன் தூக்குவதில் யாருக்கும் ஒன்றுமில்லை, உம்மாவும் பேசாமல் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பா. "வேன எடுக்கிறோம் எண்டு செல்லிரவா?" என்று கேட்டார். சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு இன்னும் அந்தச் சிவப்புக் கார் வேண்டும் போலவே இருந்தது, அதுதான் உண்மை. உம்மா சாக்கில் தொங்கியதைப் பார்த்த பிறகும். என்ன மனம் இது என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

புதன்கிழமை விடிய ஆட்டோ வாசலில் வந்து நின்றது. உம்மா உடுப்பு மாற்றித் தயாராக இருப்பா என்று அறைக்குள் போனேன். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தா.

"எழும்புங்க உம்மா, ஆட்டோ வந்துட்டு."

"இண்டைக்கு நான் போகல்ல."

"ஏன், என்ன செய்யுது?"

"ஒண்டும் செய்யல்ல. உடம்பு நல்லாத்தான் இரிக்கி. கிழமைக்கு ரெண்டு தரம் போகணும் எண்டு என்ன சட்டமா?"

கால் இரண்டும் வீங்கியிருந்தன, கண் இமை தடித்திருந்தது. மூச்சு மேலே மேலே வாங்கியது. ஒரு நாள்கூட விடக் கூடாது என்று டொக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். டொக்டருக்கு அப்படிச் சொல்லத்தான் சம்பளம் என்றா. கெஞ்சினேன். பிறகு அதட்டினேன். ஒன்றுக்கும் அசையவில்லை. ஆட்டோக்காரர் வெளியே ஹோன் அடித்தார்.

உம்மா அப்போதும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. "நீ அந்தக் கார எடு" என்றா. "நான் வாறதாலதானே வேன் வேணும். நான் வராட்டி உனக்கு அது போதும்தானே."

நான் ரோட்டோரத்தில் காரை நிறுத்திவிட்டு யாருக்கும் கேட்காமல் போட்ட கணக்கை, உம்மா கட்டிலில் படுத்துக்கொண்டு போட்டு முடித்துவிட்டா. என் முகத்தில் அது எழுதியிருந்ததா?

"நீங்க மௌத்தாகி எனக்குக் கார் தாறீங்களா?" என்று கத்தினேன். உம்மாவைப் பார்த்து நான் அப்படிக் கத்தியதே இல்லை. ஆட்டோக்காரருக்கும் கேட்டிருக்கும், பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். "உங்கள்ட்ட ஆரு கேட்டது? நான் கேட்டேனா?"

உம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினா. "எல்லா உம்மாமாரும் மகளுக்கு என்னமாவது குடுத்திட்டுத்தான் போறாங்க. வீட்ட உன்ட பேருக்கு எழுதிட்டேன். நகையெல்லாம் மருந்துக்குப் போச்சு. மிச்சம் இரிக்கிறது நான் இரிக்கிற இடம்தான். அத விட்டுத் தாறேன்."

நான் கட்டில் காலடியில் தரையில் இருந்து அழுதேன். வகுப்புப் பிள்ளைகள் அழுவார்களே, மூக்கு ஒழுக, அப்படி. உம்மா தடவிக் கொடுக்கவும் இல்லை, அழாதே என்று சொல்லவும் இல்லை. சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கவும் இல்லை. அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த இடத்திலேயே போனை எடுத்துத் தோட்டக்காரருக்கு அடித்தேன். கார் எனக்கு வேண்டாம், வேறு ஆளுக்கு விற்றுவிடுங்கள் என்று உம்மாவுக்குக் கேட்கச் சத்தமாகச் சொன்னேன். அவர் பதில் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். அடுத்து நானாவுக்கு அடித்து, வேனைக் கொண்டுவரச் சொன்னேன். குரல் உடைந்து போயிருந்ததில் நானா பயந்துவிட்டார், உம்மாவுக்கு என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

"இப்ப எழும்புறீங்களா?" என்று உம்மாவைக் கேட்டேன்.

எழும்பினா. நான் உடுப்பு மாற்றிவிட்டேன். மெலிந்து போன தோளும் வீங்கிப் போன காலும், ஒரே உடம்பில் இரண்டு ஆட்களுடையது போல் இருந்தன. ஆட்டோக்காரர் எங்களைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஆட்டோவை எடுத்தார்.

நுரைச்சோலையைத் தாண்டினோம். எனக்கு அது போதும் என்று இருந்தது. போகிறோம், மெஷினில் ஏறுவா, சனிக்கிழமை வேனில் வருவோம். முடிந்தது. என்னை நானே தட்டிக் கொடுத்துக்கொண்டு வந்தேன்.

"அந்த மனிசன் என்ன சென்னார், போன்ல?" என்று உம்மா கேட்டா.

"அவசரமில்லையாம். இந்தக் காலத்துல அத வாங்க ஆளில்லையாம். கொட்டிலுக்குள்ளயே நிக்கட்டுமாம், எனக்கு வசதிப்படுற நேரம் வரட்டுமாம்."

உம்மா தலையை ஆட்டினா. கோபம் இல்லை, குத்தலும் இல்லை. மீன்காரனிடம் நாளைக்கு இறால் வருமா என்று கேட்கிற அதே குரலில் கேட்டா.

"எவ்வளவு காலத்துக்கு வெச்சிருப்பாராம்?"

"நான் கேக்கல்ல உம்மா."

"கேட்டு வெச்சுக்க மகள்" என்றா.